மரச்செதுக்கல்: உருவத்துக்கு முன் மூன்று பாடங்கள்

பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச்சிற்பங்களுக்கு 2020-லும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. இக்கைவினையைக் கலை வகுப்பில் அறிமுகப்படுத்த நினைத்தால், ‘எந்த உருவத்தைச் செதுக்கலாம்?’ என்ற கேள்விதான் முதலில் எழும். ஆனால், தொடங்கும் மாணவர் ஆர்வத்துடன் தொடர்வதும், விரலில் காயத்தோடு விட்டுவிடுவதும் உருவத்தைப் பொறுத்தவை அல்ல. மரம், உளியின் கூர்மை, உளி செல்லும் திசை ஆகிய மூன்றையும் பொறுத்தவை.

மரம்

கதவுக்கும் கட்டிலுக்கும் உறுதியான மரம் வேண்டும். பழகும் கைக்கோ மென்மையான, நார் நேராக ஓடும், கணு இல்லாத மரம் வேண்டும். குமிழ், வெட்பாலை இரண்டும் ஏற்றவை. சன்னபட்டணத்துப் பொம்மைகள் வெட்பாலையில் கடையப்படுபவை. அரும்பாவூரில் பயன்படும் வாகையையும் மாமரத்தையும் கை பழகியபின் எடுக்கலாம். தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளி விரைவில் மழுங்கும். ஒட்டுப்பலகையில் அடுக்குக்கு அடுக்கு நாரின் திசை மாறும். எனவே அது வேண்டாம்.

பச்சை மரம் எளிதில் வெட்டுப்படும். ஆனால் உலரும்போது வெடிக்கும். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்காததே காரணம். நடுமையம் உள்ள உருட்டுக்கட்டையைத் தவிர்த்து, நிழலில் உலர்ந்த பலகைத் துண்டுகளைத் தச்சுப் பட்டறையில் கேட்டு வாங்கலாம்.

உளி

தட்டை உளி ஒன்று, குழிவான வாய் கொண்ட உளி இரண்டு, ‘வி’ வடிவ உளி ஒன்று, ஒரு கொட்டாப்புளி, ஒரு சாணைக்கல், பலகையை மேசையோடு இறுக்க இரண்டு கிளாம்புகள். ஒரு குழுவுக்கு இவை போதும்.

மழுங்கிய உளி ஆபத்தில்லாதது என்று எண்ணக் கூடாது. அதை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும். அழுத்தும்போதுதான் அது வழுக்கும். மென்மையான மரத்தில் நாருக்குக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடம் பளபளத்தால் உளி கூராக உள்ளது. நார் பிய்ந்து சொரசொரத்தால் தீட்ட வேண்டும். செதுக்கி முடிக்கும் வரை உப்புத்தாள் வேண்டாம். அதன் துகள்கள் மரத்தில் தங்கி உளியின் வாயை மழுக்கும்.

திசை

சீவல் சுருண்டு வந்தால் திசை சரி. நார் பெயர்ந்து, உளி மரத்துக்குள் இறங்கினால், எதிர்ப்பக்கத்திலிருந்து செதுக்க வேண்டும். நினைவில் கொள்ள எளிய விதி: மேட்டிலிருந்து பள்ளத்துக்கு.

முதல் பயிற்சிக்கு மாவிலை பொருத்தமானது. ஓர் அங்குலக் கனமுள்ள பலகையில், காம்பும் நுனியும் நாரின் போக்கிலேயே அமையுமாறு இலையை வரையச் சொல்லுங்கள். கோட்டுக்குச் சற்று வெளியே ‘வி’ உளியால் பள்ளம் எடுத்து, சுற்றியுள்ள பகுதியைக் குழிவாய் உளியால் ஐந்து மில்லிமீட்டர் தாழ்த்த வேண்டும். பிறகு தட்டை உளியால் இலையின் விளிம்பை, அகன்ற நடுப்பகுதியிலிருந்து நுனியை நோக்கியும், மீண்டும் நடுவிலிருந்து காம்பை நோக்கியும் சீவ வேண்டும். திசை மாறுவதன் காரணத்தை மாணவர் தம் கையாலேயே உணர்வார்.

வகுப்பறையில்

தொடக்கநிலை மாணவர்களுக்குச் சோப்புக்கட்டியும் மரக்குச்சியும் போதும். உளியை ஒன்பதாம் வகுப்பிலிருந்து, ஆசிரியரின் நேரடிப் பார்வையில் கொடுக்கலாம். பலகை எப்போதும் கிளாம்பில் இருக்க வேண்டும்; இரு கைகளும் உளியின் வாய்க்குப் பின்னால் இருக்க வேண்டும். உளி செல்லும் திசையில் யாரும் நிற்கக் கூடாது. கண்ணாடியும் மூடிய காலணியும் அவசியம். முதலுதவிப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பாட இணைப்புக்கும் இடமுண்டு. தொல்காப்பிய மரபியல், வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் ‘புல்’ என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை ‘மரம்’ என்றும் பிரிக்கிறது. ஒரு பனைத் துண்டையும் வேம்புத் துண்டையும் அருகருகே வைத்து, எது எங்கே கடினமாக உள்ளது என்று மாணவர்களைத் தொட்டுப் பார்க்கச் செய்தால், தமிழ்ப்பாடமும் அறிவியலின் சைலம் பாடமும் ஒரே மேசையில் சந்திக்கும். உள்ளூர்த் தச்சர் ஒருவரை அழைத்து உளி தீட்டிக் காட்டச் செய்யுங்கள். முதல் வகுப்பு அதுவாகவே இருக்கட்டும். இலை அடுத்த வாரம் வரட்டும்.