நீர் மாத்திரையும் பொள்ளாச்சி இளநீரும்

“ஏனுங்க, நீர் மாத்திரை சாப்பிடறவங்க எளநி குடிக்கலாங்களா?”

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. எந்த மாத்திரை என்று கேட்காமல் பதில் சொல்லிவிட முடியாது.

இதயம் தளர்ந்து ரத்தத்தை முன்போலத் தள்ள முடியாதபோது சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. உடம்பில் நீர் வற்றிவிட்டதாக எண்ணிக்கொண்டு, அது உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. ஏற்கெனவே இழுக்க முடியாத மோட்டாருக்கு இன்னும் பாரம். கால் வீங்குகிறது, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. நுரையீரலில் நீர் கோத்தால் படுக்கவே முடியாது. நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டரை வடிகட்டி, ஒன்றரை இரண்டு லிட்டர் போக மற்றதையெல்லாம் உடம்புக்கே திருப்பி விடுகின்றன. உப்பு திரும்பினால்தான் நீர் திரும்பும். 1960களில் புழக்கத்துக்கு வந்த ஃபுரோசிமைடு என்ற நீர் மாத்திரை, உப்பு திரும்பும் முக்கியமான வாசல் ஒன்றை அடைக்கிறது. உப்போடு நீரும் வெளியேற, இதயத்தின் பாரம் இறங்குகிறது. மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஆறு மணி நேரம் நிற்கும். காலையில் போடச் சொல்வது இதனால்தான்.

கூடவே பொட்டாசியமும் போய்விடுகிறது. ரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். குறைந்தாலும் கூடினாலும் துடிப்பு தாறுமாறாகும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்பைரனோலாக்டோன் என்ற இன்னொரு நீர் மாத்திரை இதற்கு நேர்மாறாகப் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். கடுமையான இதயத் தளர்ச்சி உள்ளவர்களின் இறப்பை அது 30 சதவீதம் குறைத்ததாக 1999இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. இளைப்பைத் தணிப்பதோடு ஆயுளையும் நீட்டிய அந்த மாத்திரையை எளிதாக நினைத்துவிடக் கூடாது.

ஒரு டம்ளர் இளநீரில் ஏறத்தாழ அரை கிராம் பொட்டாசியம் உண்டு. ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவரோ சிறுநீரகம் பழுதானவரோ அதைத் தினமும் குடித்தால் அளவு எகிறிவிடலாம். ஃபுரோசிமைடு மட்டும் எடுப்பவருக்கு அந்தப் பயம் குறைவு. ஆனாலும் மருத்துவர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் இளநீரும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

பொங்கல் காப்புக்கட்டில் ஆவாரம்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் கட்டுகிறோமே பூளைப்பூ, அந்தச் சிறுபீளையை நீர் பிரியச் சித்த மருத்துவம் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறது. மாத்திரையோடு அந்தக் கஷாயமும் குடிப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பொட்டாசியத்துக்கு எப்போது ரத்தப் பரிசோதனை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.