கனல் இருந்தும் குளிர் ஏன்?

மார்கழி, தை மாதங்களின் குளிரைப் பற்றி வட்டகொடை மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தலவாக்கலையைக் கடந்த புகையிரதம் கிரேட் வெஸ்டர்ன் மலையை நோக்கி ஏறும் வழியில் உள்ள ஊர் அது. நுவரெலியாவிலோ இம்மாதங்களில் சில விடியற்காலைகளிற் புல்லின்மீது உறைபனியே படிகிறது. மேல்நாட்டார் சுவரோரம் வெந்நீர் ஓடும் இரும்புக் குழாய்களைப் பொருத்தி அறையைச் சூடாக்குகிறார்கள். நமக்கு வாய்த்தது லயத்து அடுப்பும், பழைய பங்களாக்களின் கணப்புமே. தீ எரிகிறது, அறையோ சூடாவதில்லை. புகை மட்டும் கண்ணைக் கரிக்கிறது. காரணம் என்ன?

முதலில் விறகைப் பாருங்கள். கவ்வாத்து மிலாறையும் மரக்கிளையையும் ஈரம் உலருமுன்னே அடுப்பில் வைக்கிறோம். பச்சை மரத்தின் எடையிற் பாதி நீராகவே இருக்கக்கூடும். உறைநிலையிலுள்ள நீரைக் கொதிக்கவைக்க வேண்டிய வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல், கொதித்த நீரை ஆவியாக்க வேண்டும். அறைக்கு வரவேண்டிய சூடு விறகை உலர்த்துவதிலேயே செலவாகிவிடுகிறது. மலைநாட்டு மழையில் விறகைக் காயவைப்பது எளிதன்றுதான். எனினும் தரையிற் படாமல், இஸ்தோப்பின் ஓரத்திலேனும் காற்றாட அடுக்கிச் சில மாதங்கள் விட்டுவைத்தால் பெரும் வேறுபாட்டைக் காணலாம்.

காய்ந்த விறகும் புகைகிறதா? கதவை நான்கு விரற்கடை திறந்து பாருங்கள். புகை உடனே மேலேறினால் புகைக்கூண்டின்மீது குற்றமில்லை. மேலே செல்லும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரக் காற்றில்லை என்பதே பொருள். குளிருக்கு அஞ்சிச் சந்துகளையெல்லாம் சாக்கினால் அடைத்த வீடுகளில் இதுவே நோய். கதவைத் திறந்தும் பயனில்லையேல், கூண்டிற் கரி அடைத்திருக்கலாம். அல்லது கூண்டு கூரை முகட்டிலும் தாழ்ந்து நிற்க, சரிவில் இறங்கும் காற்று புகையை உள்ளே தள்ளலாம். பத்து அடி சுற்றளவில் உள்ள எதனினும் இரண்டடி உயர்ந்து நிற்பதே கூண்டுக்கு அழகு. கணப்பின் வாய் மிகப் பெரிதாயிருப்பதும் குறையே. அமெரிக்காவிற் பிறந்த ரம்ஃபோர்ட் பிரபு, 1796இல் வெளியான தமது கட்டுரையில், கூண்டின் தொண்டையை நான்கு அங்குலமாகக் குறுக்கி, பக்கச் சுவர்களைச் சரித்துக் கட்டும் முறையை விளக்கினார். சூடு அறைப்பக்கம் வீசியது. புகை மேலே சென்றது.

இனி, மிக முக்கியமான ஒன்று. அறை சூடாகவில்லையென்று கங்குச் சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்துவோர் உண்டு. புகை வராததால் தீங்கில்லை என எண்ணுகிறார்கள். கங்கிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அது நம் குருதியின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. உறங்குபவர் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரலாம். வீட்டிற் பலருக்கு ஒரே வேளையில் தலைவலி, மயக்கம், வாந்தி கண்டால், காய்ச்சலென்று போர்த்திப் படுக்கவைக்கலாகாது. யாவரையும் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுசென்று, தாமதியாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.