ஏலத்தில் வெல்வதும் இழப்பதும்

தமிழாசிரியராகிய நமக்கு ஏலக் கணக்கோடு என்ன உறவு என்று சிலர் வினவலாம். உறவு சொல்லிலேயே தொடங்குகின்றது. ‘ஏலம்’ என்பது போர்த்துக்கீச மொழியிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த சொல் என்பர் அகராதியாளர். 1560 ஆம் ஆண்டில் மன்னார்த் தீவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசர் கோட்டையை விட்டு 1658 இல் அகன்றனர். அவர் சொல்லோ நம் நாவை விட்டு அகலவில்லை. சொல் எங்கிருந்து வந்ததாயினும், அச்சொல் குறிக்கும் தொழிலை இக்கரை நன்கு அறியும். அவ்வறிவை இக்கால இளைஞர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று ஏலம் கடற்கரையை விட்டுக் கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. அங்கு விற்கப்படும் பொருள்களுள் ஒன்று பழைய பொம்மை நீராவி இயந்திரம். 1914 இல் தலைமன்னார்த் துறைக்கு இருப்புப் பாதை வந்தது. கொழும்பிலிருந்து புகைவண்டியில் வந்தோர் கப்பலேறித் தனுஷ்கோடிக்குச் சென்றனர். 1964 ஆம் ஆண்டின் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1990 இல் போர் நம் பாதையை அழித்தது. 2015 இல் வண்டி மீண்டும் தலைமன்னார் வந்தது. ஆயினும் புகை கக்கிய அவ்வியந்திரம் மீளவில்லை. அதன் சிற்றுருவையேனும் வீட்டில் வைத்துப் பார்க்க விழையும் பழைய மாணவர் கடல் கடந்த நாடுகளில் இருப்பர். அவ்விழைவு நன்று, அதற்காக இருமடங்கு விலை கொடுப்பது நன்றன்று.

நிற்க. ஏலத்தின் இயல்பை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. மறிச்சுக்கட்டிக்குச் சென்றாற் போதும். 1905 ஆம் ஆண்டில் அங்கு நடந்த முத்துச் சலாபத்தில் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்த வருவாய் இருபத்தைந்து இலட்சம் ரூபாய் அளவினது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு படகினர்க்கு. எஞ்சிய இரு பங்கு அரசுக்கு. அரசின் பங்கு அன்றன்றே ஆயிரம் சிப்பிக்கு இத்துணை ரூபாய் என்று ஏலத்தில் விடப்பட்டது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. விற்கப்பட்ட சிப்பி திறவாத சிப்பி. அதனுள் முத்து உண்டோ இல்லையோ, ஏலம் கேட்பவர் அறியார். வாங்கிய பின் பல நாள் அழுகவிட்டுக் கழுவிப் பார்த்தே அறிதல் கூடும். குளிப்புக்கு முன் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்து அரசு மதிப்பிட்டு அறிவித்ததுண்டு. எனினும் அது மதிப்பீடே. ஆகவே விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கியது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். ஆயிரம் சிப்பியினுள் இருக்கும் முத்தின் உண்மை மதிப்பு 27 ரூபாய் என்று கொள்வோம். அதனை நால்வர் மதிப்பிடுகின்றனர். ஒருவர் 20 என்றும், ஒருவர் 25 என்றும், ஒருவர் 30 என்றும், ஒருவர் 35 என்றும் எண்ணுகின்றனர். நால்வரின் மதிப்பையும் கூட்டிச் சராசரி கண்டால் 27 ரூபாய் 50 சதம். உண்மைக்கு மிக அருகில் உள்ளது. ஆனால் ஏலம் சராசரிக்கு விழுவதில்லை. மூன்றாமவர் 30 இல் நிற்க, நான்காமவர் 31 கேட்டுப் பெறுகின்றார். பெற்ற அக்கணமே நான்கு ரூபாய் இழக்கின்றார். அவர் அறிவிலி அல்லர். எல்லாரினும் மிகுதியாக மதிப்பிட்டவர், அவ்வளவே. மிகுதியாக மதிப்பிட்டவரையே ஏலம் தேடிப் பிடிக்கின்றது.

இவ்வுண்மையை 1971 இல் அமெரிக்க எண்ணெய் நிறுவனமொன்றின் பொறியியலாளர் மூவர் ஆராய்ந்து வெளியிட்டனர். கடலடி எண்ணெய் நிலங்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த ஊதியம் பெறாதது ஏன் என்பதே அவர்தம் வினா. கேட்போர் தொகை பெருகப் பெருக, வென்றவர் மிகையாக மதிப்பிட்டிருத்தற்கு வாய்ப்பும் பெருகும் என்று அவர் காட்டினர். ‘வென்றவர்க்கு நேரும் கேடு’ என்று இன்று பொருளியலார் இதனை வழங்குவர். போட்டி மிகுந்த இடத்தில் விலையை உயர்த்த வேண்டும் என்றே நம் மனம் சொல்லும். பொருளின் மதிப்பை அறுதியிட்டு அறிய இயலாதவிடத்து, கணக்கோ இன்னும் தாழ்த்திக் கேள் என்று சொல்கின்றது.

மிகை மதிப்பு ஏலத்தில் மட்டும் நேர்வதன்று, குத்தகையிலும் நேரும். 1905 இன் பெருவிளைவைக் கண்ட பின், இலண்டனில் அமைந்த ஒரு கம்பனி 1906 இல் இலங்கையின் முத்துப் பார்களை இருபது ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாய். 1906 இலும் 1907 இலும் குளிப்பு நடந்தது. அதன்பின் பார்கள் வறண்டன. சிப்பிக் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து திரிவன; தங்கிய இடத்தை மணல் மூடினாலோ திருக்கை முதலிய மீன்கள் மேய்ந்தாலோ பார் முழுதும் வெறுமையாகும். ஆண்டு முடிவதற்குள் குத்தகைப் பணம் கேட்கும் அரசுக்கு இது தெரிந்திருந்தும் பயனில்லை. கம்பனி கலைந்தது. நல்லாண்டின் விளைவை எல்லா ஆண்டுக்கும் விலையாக வைத்தமையே அதன் வீழ்ச்சி.

இனி, பொம்மை இயந்திரத்துக்கு வருவோம். அதற்கு இருவகை மதிப்பு உண்டு. ஒன்று சந்தை மதிப்பு. நாளை விற்றால் பிறர் தருவது. மற்றொன்று உள்ளத்து மதிப்பு. தலைமன்னார்த் துறையில் கேட்ட ஊதலொலியை அது நினைவூட்டுவதால் நமக்கு மட்டும் உள்ளது. உள்ளத்து மதிப்புக்காகச் சிறிது கூடக் கொடுத்தல் குற்றமன்று. ஆனால் எது எதற்காகக் கொடுக்கின்றோம் என்று பிரித்தறிதல் வேண்டும்.

சந்தை மதிப்பை அறியச் சில வழிகள் உள. விற்போர் கேட்கும் விலையைப் பாராது, முடிந்த ஏலங்களில் விழுந்த விலையைப் பார்க்க வேண்டும். 1938 இல் தொடங்கிய ஹோர்ன்பி டப்ளோ வகை முதலில் மூன்று தண்டவாள முறையில் ஓடியது. 1959 இல் இரு தண்டவாள முறை வந்தது. ஒன்றுக்குரிய இயந்திரம் மற்றொன்றில் அப்படியே ஓடாது. மூலப் பெட்டி உடனிருந்தால் விலை ஏறும். மீளப் பூசிய வண்ணம் விலையைக் குறைக்கும். போருக்கு முந்திய துத்தநாகக் கலப்பு வார்ப்புகள் சில காலப்போக்கில் வெடித்து உதிரும். படத்தில் அது தெரியாது. ஆதலின் விற்பவரிடம் எழுதிக் கேட்க வேண்டும். தபாற் செலவும் சுங்கத் தீர்வையும் கூட்டிய பின்னரே விலை முழு விலையாகும்.

ஏலம் கேட்கும் முறையும் அறியத்தக்கது. முத்து வணிகர் துணி மறைவில் விரல் தொட்டு விலை பேசுவதுண்டு. நெஞ்சிலுள்ள எல்லையைப் பிறர் அறியலாகாது என்பதே அதன் கருத்து. இணைய ஏலம் பலவற்றில் கணினியே அத்துணியாகின்றது. நாம் 12,000 ரூபாயை உச்ச எல்லையாகக் கொடுக்கின்றோம். அடுத்தவர் எல்லை 9,000. ஏற்றப் படி 250 எனின், நமக்கு 9,250 க்கே பொருள் வரும். ஆகவே எல்லையை மெய்யாகவே கொடுக்கலாம். இரண்டாம் விலைக்கு விற்கும் இத்தகைய முறையில் மெய்யுரைப்பதே மேல் என்று 1961 இல் வில்லியம் விக்ரி நிறுவினார்; 1996 இல் நோபல் பரிசும் பெற்றார்.

அங்ஙனமாயின் இறுதி நொடி வரை காத்திருப்போர் ஏன் உளர்? ஈபேயில் முடிவு நேரம் மாறாது. அக்காலத்து அமேசான் ஏலத்திலோ, இறுதியில் யாரேனும் கேட்டால் நேரம் நீளும். ஆல்வின் ரோத்தும் ஆக்செல் ஓக்கன்பெல்சும் இரண்டையும் ஒப்பிட்டு, நேரம் மாறாதவிடத்தே இறுதி நொடிக் கேள்வி மிகுதி என்று 2002 இல் எழுதினர். முந்திக் கேட்பவர் இருவகையில் இழப்பர்: சினமுற்ற போட்டியாளர்க்கு மேலேறிக் கேட்க நேரம் கொடுக்கின்றார், பொருளறிந்தவராயின் ‘இது மெய்யான பொருள்’ என்று பிறர்க்கு அறிவித்தும் விடுகின்றார். எனவே முன்னரே எல்லையை முடிவு செய்து, தாளில் எழுதி, ஒரே முறை, இறுதியில் கேட்க வேண்டும். தோற்றால் எழுந்து செல்ல வேண்டும். அச்சில் வார்த்துப் பலவாக விற்ற பொருள் மீண்டும் வரும். போன பணம் வராது.

கோயில் முற்றத்தில் மாம்பழம் ஏலம் போவதைக் கண்டிருப்பீர்கள். அங்கு ஒரு பழத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர் ஏமாந்தவரல்லர்; கொடுப்பதே அவர் பெறும் பேறு. பிற ஏலங்களில் அவ்வாறன்று. இரவில் தனியே திரையை நோக்கி இருக்கும் மாணவன், ‘இன்னும் ஒரு நூறு’ என்று விரலை நீட்டுங்கால், அவன் வாங்குவது பொருளையன்று, பிறனை வென்றோம் என்னும் பெயரை. அப்பெயருக்குச் சந்தையில் மறுவிலை இல்லை. திறவாத சிப்பிக்கு விலை வைத்த நம் கரை, எல்லை வகுத்துக் கேட்கும் அறிவையும் நமக்கு விட்டுச் சென்றுள்ளது. அதனைக் கைக்கொண்டு வாழ்க நம் மாணவர்.