சொசேஜில் உப்பும் எங்கள் கணக்கும்

ஒக்லாந்தில் வேலை முடிந்து வந்து, அவசரத்துக்குச் சொசேஜ் பொரிக்காத வீடு எங்களிடையே குறைவு. பிரஷருக்குக் குளிசை எடுக்கும் நாங்களும் பிள்ளைகளோடு சேர்ந்து அதையே சாப்பிடுகிறோம்.

பக்கெற்றின் பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்குச் சோடியம் 800 மில்லிகிராம் என்றிருந்தால், 2.5 ஆல் பெருக்குங்கள்: 2 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு. அந்தச் சொசேஜில் 150 கிராம் சாப்பிட்டாலே 3 கிராம் போய்விட்டது. கறியும் சொதியும் இன்னும் கணக்கில் வரவில்லை.

அந்த உப்பை ஒரேயடியாக வெட்ட முடியாதா? முடியாது. அது சுவைக்கு மட்டுமல்ல. இறைச்சிப் புரதத்தைக் கரைத்து நீரையும் கொழுப்பையும் பிடித்து வைக்கிறது. கிருமி பெருகுவதையும் தடுக்கிறது. உப்புக் குறைந்த கருவாடு என்னவாகும் என்று எங்களுக்குத் தெரியும்.

அதனால் உற்பத்தியாளர்கள் படிப்படியாகக் குறைக்கிறார்கள்; நாக்கும் பழகிவிடும். சிலர் ஒரு பகுதி உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைட் சேர்க்கிறார்கள், கூடினால் கசக்கும். நியூசிலாந்தின் ஹார்ட் பவுண்டேஷன் உணவு வகைகளுக்குச் சோடிய இலக்கு வைத்து நிறுவனங்களோடு வேலை செய்கிறது.

எங்கள் பங்கு என்ன? இரண்டு பக்கெற்றுகளின் 100 கிராம் கணக்கை ஒப்பிட்டு, குறைந்ததை எடுப்போம். திகதி தாண்ட விடக்கூடாது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் பிரஷர் குளிசை எடுப்பவர்களும் பொட்டாசியம் சேர்த்ததைச் சாப்பிடமுன் டொக்டரிடம் கேட்கவேண்டும்.