கணனியில் முதுமாணி: எங்கள் பிள்ளைகளுக்கும் எட்டும்

எங்கள் கண்டாவளைப் பிரதேசத்தில் கணனி படித்த பெண்பிள்ளைகளுக்குக் குறைவில்லை. முரசுமோட்டை, தருமபுரம், புளியம்பொக்கணை என்று எங்கே போனாலும் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ் ஒன்றைக் காணலாம். அந்தப் பிள்ளை இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள். பரந்தனில் ஒரு கடையில் தட்டச்சு செய்கிறாள், அல்லது ஏதோவொரு திட்டத்துக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் தரவு பதிகிறாள், அல்லது கலியாணம் முடித்து வீட்டில் இருக்கிறாள். கணனி படித்தவள், பிறர் அமைத்து வைத்த படிவங்களை நிரப்புகிறவளாகவே நின்றுவிடுகிறாள்.

நான் சமூகவியல் படித்தவள். கணனி எனக்குத் தொழிலல்ல. ஆனால் 2023 இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் வந்தபோது இந்த விடயம் என் வேலைக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு குடும்பத்தின் கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு முதலியவற்றை 22 குறிகாட்டிகளால் அளந்து, புள்ளியிட்டு, உதவி பெறுவோரைத் தெரிவு செய்யும் முறை அது. நாடு முழுவதிலுமிருந்து இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் போயின. தாய்மாருடன் கூட இருந்து மேன்முறையீடு எழுதிய நாட்களில் எனக்கு ஒரே யோசனைதான். இந்தப் புள்ளிக் கணக்கை அமைக்கிற இடத்தில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி எப்போது இருப்பாள்? தரவு பதிபவளை அங்கே கூப்பிடமாட்டார்கள். தரவுத்தளத்தை வடிவமைக்கவும், தெரிவு முறை சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் தெரிந்தவளைத்தான் கூப்பிடுவார்கள். கணனியில் முதுமாணிப் படிப்பு அதற்கான வழிகளில் ஒன்று.

"கம்பசுக்கே எடுபடாத பிள்ளை எப்படி முதுமாணி செய்யிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. உயர்தரத்தில் சித்தியடைந்தும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவர்களுக்காகத்தான் வெளிவாரிப் பட்டங்கள் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய பி.ஐ.ரி. எனும் தகவல் தொழில்நுட்பப் பட்டத்தை ஊரில் இருந்தபடியே படிக்கலாம். எங்களுக்குக் கிட்டவே, அறிவியல் நகரில், 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் தொழிற்றகைமைச் சான்றிதழுக்குத் தகவல் தொழில்நுட்பம் படிக்கலாம். பட்டம் கையில் இருந்தால் அது உள்வாரியா வெளிவாரியா என்பதைவிட, தகைமைச் சட்டகத்தில் எத்தனையாவது மட்டம் என்பதே முக்கியம். மூன்று வருடப் பட்டம் 5 ஆம் மட்டம். பாடநெறி வழியான முதுமாணி 9 ஆம் மட்டம். ஆய்வும் சேர்ந்தது 10 ஆம் மட்டம். கணனி தவிர்ந்த பாடங்களில் பட்டம் பெற்றவர்களையும் எடுக்கிற முதுமாணிப் பாடநெறிகள் உண்டு. ஆகவே விண்ணப்ப அறிவித்தலை வரிக்கு வரி வாசியுங்கள், சொல்லக் கேட்டதை நம்பவேண்டாம்.

இடம்பெயர்வில் சான்றிதழ்கள் தொலைந்துபோன சகோதரிகள் அதை எண்ணி நின்றுவிடாதீர்கள். சாதாரண தரம், உயர்தரம் இரண்டின் பெறுபேற்றுச் சான்றிதழ்களையும் பரீட்சைத் திணைக்களத்தில் மீளப் பெறலாம்.

இனி, உண்மையான சிரமத்துக்கு வருகிறேன். முதலில் பலர் சொல்வது ஆங்கிலமும் கணிதமும். இரண்டும் கடினந்தான். ஆனால் நான் கண்ட பிள்ளைகளைத் தடுத்தது அவற்றைவிட நேரம். 9 ஆம் மட்ட முதுமாணிக்குக் குறைந்தது 30 கிரெடிற் வேண்டும். ஒரு கிரெடிற் என்பது விரிவுரை, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்ந்து 50 மணித்தியாலம். மொத்தம் 1,500 மணித்தியாலம். இரண்டு வருடத்துக்குப் பங்கிட்டால் கிழமைக்குப் பதினான்கு மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. தண்ணீர் அள்ளி, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் போய்வரும் ஒரு பெண்ணுக்கு நாளுக்கு இரண்டு மணித்தியாலம் எங்கேயிருந்து வரும்? நித்திரையிலிருந்துதான் எடுக்கிறாள். அதனால்தான் இடையில் விழுகிறாள்.

அடுத்தது பணம். 1945 இல் வந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகத்தின் முதற் பட்டத்துடன் நின்றுவிடுகிறது. பாடநெறி வழி முதுமாணிக்குக் கட்டணம் கட்டவேண்டும், அதுவும் இலட்சக் கணக்கில். கொழும்பில் வார இறுதி வகுப்பென்றால் வெள்ளி இரவு பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்ப ஏறவேண்டும். போக மட்டும் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். 2020 கொரோனாக் காலத்துக்குப் பின் இணையவழி வகுப்புகள் பெருகியது எங்கள் பெண்களுக்குக் கிடைத்த பெரிய உதவி என்றே சொல்வேன். இந்தியாவில் படிக்க விரும்புவோர் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் பற்றி விசாரிக்கலாம். அது இலங்கையருக்கு முதுமாணிப் படிப்புக்காக இந்திய அரசு வழங்குவது. யாழ்ப்பாணத்தில் 2010 முதல் இந்தியத் துணைத்தூதரகம் இருக்கிறது. அங்கே எம்.சி.ஏ. எனப்படும் கணனி முதுமாணி முன்பு மூன்று வருடம். 2020 இலிருந்து இரண்டு வருடம்.

"உது ஆம்பிளையளின்ர படிப்பு" என்று சொல்லும் பெரியவர்களுக்கு நான் ஒரு கதை சொல்வதுண்டு. அமெரிக்காவில் 1946 இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற கணனிக்கு நிரல் அமைத்த ஆறு பேரும் பெண்கள். பல வருடங்களாக அவர்களின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை என்பது வேறு விடயம்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை வெளிவாரிப் பட்டம் முடித்து, இரண்டு வயதுக் குழந்தையுடன் முதுமாணிக்கு விண்ணப்பித்தாள். இடம் கிடைத்தது. கணவனுக்கு விருப்பம். மாமிதான் மறித்தார்.

"பிள்ளை, அவளுக்கு இப்ப ஒரு பட்டம் இருக்குத்தானே. இன்னும் என்னத்துக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

நான் பட்டத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஒரு தாளில் அந்த வீட்டு வேலைகளை எழுதி, யார் எத்தனை மணிக்கு எதைச் செய்கிறார்கள் என்று குறிக்கச் சொன்னேன். பட்டியலில் மருமகளின் பெயர் வந்துகொண்டே இருந்தது. மாமி அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இரவுச் சாப்பாடு நான் பாக்கிறன். அவன் பிள்ளையைப் பாக்கட்டும்" என்றார்.

இப்போது அந்த வீட்டில் இரவு ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. கட்டணத்தின் முதற் தவணைக்கு அவள் சீட்டு எடுத்திருக்கிறாள். இரண்டாவது தவணைக்கு மாடொன்றை விற்கும் யோசனை இருக்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லி, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்க அடுத்த கிழமை இருவரும் போகிறோம்.