மன்னார் வளைகுடாத் தீவுகள் – 4: குருசடை

பாம்பன் தீவின் தென்கரையிலுள்ள குந்துகாலில், 1897-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இலங்கையிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தரின் நினைவாக எழுந்துள்ள மண்டபத்துக்கருகே வள்ளமேறினால், இயந்திரத்தின் இரைச்சல் காதுக்குப் பழகுமுன்பே குருசடைத் தீவு வந்துவிடுகிறது. அனுமதி பெறுவதற்கு ஆகும் நேரத்தை எண்ணினால் இதைக் கடற்பிரயாணம் என்று சொல்லவே கூச்சமாயிருக்கும். ஆயினும், இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டினாற்போல் கிடக்கும் மனித வாசமற்ற 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டு வருகையில், நினைத்தவர் நினைத்தபோது கால்வைக்க இயலாதிருப்பது நியாயந்தான் என்பது என் அபிப்பிராயம்.

வனஜீவராசிகள் என்றதும் மானையும் மயிலையும் மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்களை இத்தீவு ஏமாற்றிவிடும். நிமிர்ந்து பார்த்தால் கண்டல் மரங்கள், முட்புதர்கள், தலைக்குமேல் சில ஆலாக்கள், அவ்வளவே. வற்று நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்காலளவு நீரில் குனிந்த தலை நிமிராமல் நடக்கச் சம்மதிப்பவர்க்கோ அடிக்கொரு விசித்திரம் காத்திருக்கிறது. சீண்டினால் தன் குடலையே வெளியே கக்கி எதிரியை மயங்கச் செய்து, பின்பு புதுக்குடல் வளர்த்துக்கொள்ளும் இனங்களும் உள்ள கடலட்டை, ஊதாநிற மையைப் பீய்ச்சி மறையும் கடல்முயல், ஐந்து கைகளில் ஒன்றை இழந்தும் கவலையின்றி ஊரும் நட்சத்திரமீன் எனக் கரையோரப் பிராணிகள் இங்கே இத்தனை வகைப்பட்டு வாழ்வதால்தான், சென்னை அருங்காட்சியகத்தார் 1927-இலேயே இச்சிறு தீவின் கரைவாழ் உயிர்களைப் பற்றித் தனியொரு நூல் வெளியிட்டார்கள்.

அவற்றுள் கீர்த்தி மிக்கது ஒரு புழு. பாலனோகிளாசஸ் என்னும் பெயரை நம் கல்லூரிகளில் விலங்கியல் படித்தவர் எவரும் மறந்திருக்கமாட்டார். மணலுக்குள் வளைதோண்டி மறைந்து வாழும் அது, விழுங்கிய மணலைச் சுருள்சுருளாக மேலே தள்ளுவதைக் கொண்டே இருப்பிடம் அறியலாம். தோண்டியெடுத்தாலோ, பழைய ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்கிடும் அயடோஃபார்ம் மருந்தின் நெடி. அழகும் இல்லை, வாசனையும் இல்லை. ஆனால் மீன்களுக்குரிய செவுள்துளைகளைப் போன்றவை இதன் உடலிலும் இருப்பதால், முதுகெலும்புடைய நம் வம்சத்தின் தூரத்து உறவினருள் ஒன்றாக இதைச் சாஸ்திரிகள் கருதுகிறார்கள்.

இவ்வளவுக்கும் ஆதாரம் பவளப்பூச்சி. அது கட்டிய பாரின் மேல் ஒதுங்கிய மணலும் சிப்பித்தூளுமே இத்தீவுகள். அந்தப் பார்தான் அலையின் வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. இதை உணராமல் பல ஆண்டுகள் பவளக்கல்லைப் பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பியதன் பலன், விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீருக்குள் மூழ்கியது.

“எங்க அப்பா காலத்துல வள்ளம் வள்ளமாக் கல்லு ஏத்துனாங்க, சார். அப்ப அது தப்புன்னு யாரு சொன்னா?” என்றார் சுக்கான் பிடித்திருந்த பெரியவர்.

அவர் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. 2001 முதல் பவளமும் கடலட்டையும் சட்டத்தின் காப்பில் உள்ளன. ஆனால், கரையோரப் பெண்களின் ஜீவனத்துக்காக மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்பட்ட கப்பாஃபைக்கஸ் என்னும் அந்நியப் பாசி மிதவையிலிருந்து விலகிக் குருசடையின் பவளங்களைப் போர்வையாக மூடி வருவதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். வெளிச்சம் மறைக்கப்பட்ட பவளம் மெல்ல மடிகிறது. பாசியைக் கையால் பிடுங்கி அகற்ற முயன்றிருக்கிறார்கள். எனினும், விட்டுப்போன சிறு துணுக்கும் சில வாரங்களில் மறுபடி தழைத்துவிடுகிறது.

(தொடரும்)