மாடு கரையில் மேய்ந்தால் ஆற்று இறால் ஏன் அழிகிறது?

இறால் இருப்பது தண்ணீருக்குள். மாடு மேய்வது கரையில். இரண்டுக்கும் என்ன பகை?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மரின், சோனோமா, நாபா வட்டாரத்துச் சிற்றாறுகளில் மட்டுமே வாழும் நன்னீர் இறால் ஒன்று உண்டு. ஏறக்குறைய விரல் நீளம், கண்ணாடிபோன்ற உடல். உலகில் வேறெங்கும் இது இல்லை. 1988-இல் அமெரிக்க அரசு இதை அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமாக அறிவித்தது.

இதற்கு வேகமாக நீந்த வராது. அப்படியானால், குளிர்கால மழையில் ஆறு பெருக்கெடுக்கும்போது என்ன செய்யும்? ஓடும் பேருந்தில் நாம் கம்பியைப் பிடித்து நிற்கிறோம் அல்லவா? இந்த இறாலுக்குக் கம்பி, கரையோர மரங்களின் வேர். நீர் அரித்துக் குடைந்த கரைக்கு அடியில் தொங்கும் வேர்க்கொத்தைப் பற்றிக்கொள்ளும். இரைதேடும் மீன்களிடமிருந்து ஒளிவதும் அங்கேதான்.

மாடுகள் இறங்கி ஏறினால் கரை சரிகிறது. இளம் மரக்கன்றுகளை மேய்ந்துவிடுவதால் புதிய வேரும் இறங்குவதில்லை. பிடிக்க எதுவுமின்றி இறால் அடித்துச் செல்லப்படுகிறது. பெண் இறால் முட்டைகளைச் சுமப்பதும் இதே குளிர்காலத்தில்தான் என்பதை நினைத்தால் இழப்பின் அளவு புரியும்.

இதன் ஒரே நெருங்கிய உறவான பசடேனா இறால் ஏற்கெனவே அற்றுப்போய்விட்டது.

தீர்வு எளிது: மாட்டுக்கு வேலி, கரைக்கு வில்லோ மரம். 1992-இல் சான் அன்செல்மோ ஊர்ப் பள்ளியின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இதைத்தான் தொடங்கினார்கள், பண்ணைக்காரர்களின் சம்மதத்தோடு.